ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன்: எந்தக் கடையில் வாங்கினால் மாட் ஓடும்?

ஸ்டீம், ஜிஓஜி, எபிக், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் என நான்கு ஆன்லைன் கடையிலும் ஸ்கைரிம் என்ற கணினி ஆட்டம் கிடைக்கிறது. கதை, குரல், காட்சி எல்லாம் ஒன்றேதான். வேறுபடுவது ஆட்டத்தை ஓட்டும் இஎக்ஸ்இ ஃபைல். மாட் (ரசிகர்கள் செய்து தரும் மாற்றங்கள், கூடுதல்கள்) எதுவும் போடாமல் ஆடுகிறவர் விலை குறைந்த இடத்தில் வாங்கிக்கொள்ளலாம், இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. மாட் போடும் எண்ணம் இருந்தால் விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியது அந்த ஃபைலைத்தான்.

காரணம் எஸ்கேஎஸ்இ (ஸ்கைரிம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர்) என்ற துணை மென்பொருள். ஸ்கையூஐ மெனு தொடங்கி பெரிய மாட்கள் பலவும் இதை நம்பித்தான் ஓடுகின்றன. ஆட்டம் ஓடும்போது நினைவகத்தில் சில குறிப்பிட்ட முகவரிகளில் போய் எஸ்கேஎஸ்இ ஒட்டிக்கொள்ளும். இஎக்ஸ்இ கொஞ்சம் மாறினாலும் முகவரிகள் நகர்ந்துவிடும், பழைய எஸ்கேஎஸ்இ திறக்கவே மறுக்கும். ஸ்டீமில் 2024 ஜனவரியில் வந்த வெர்ஷன் 1.6.1170, ஜிஓஜியில் அதற்கு இணையானது 1.6.1179. இரண்டுக்கும் எஸ்கேஎஸ்இ 2.2.6தான், ஆனால் டவுன்லோடு தனித்தனி. ஜிஓஜியில் வாங்கிவிட்டு ஸ்டீம் ஃபைலை இறக்கிப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. 'உங்கள் ஆட்டம் இதைவிடப் புதியது' என்ற பொருளில் ஒரு பெட்டி வந்து நிற்கும். உடனே ஆட்டத்தையே அழித்து மறுபடி இறக்க வேண்டாம். ஸ்கைரிம்எஸ்இ ஃபைலை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ் பக்கத்தில் வெர்ஷன் எண்ணைப் பாருங்கள், அதற்குரிய எஸ்கேஎஸ்இயைப் போடுங்கள். அந்த நினைவக முகவரிகளை மாட்களுக்குக் காட்டும் அட்ரஸ் லைப்ரரியும் உங்கள் வெர்ஷனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். டிஎல்எல் (நிரல் ஃபைல்) உள்ள மாட்களில் சிலவற்றுக்கு ஜிஓஜி ஃபைல் தனியாக இருக்கும், டவுன்லோடு பக்கத்தைக் கடைசி வரை பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக அமர்ந்துவிட்டால் எஸ்கேப் அழுத்தி சிஸ்டம் மெனுவுக்குப் போனால் கீழ் மூலையில் ஆட்டத்தின் எண்ணோடு எஸ்கேஎஸ்இ எண்ணும் தெரியும்.

எபிக், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர், மைக்ரோசாஃப்டின் மாதச் சந்தாவான கேம் பாஸ் மூன்றுக்கும் எஸ்கேஎஸ்இ கிடையாது. கேம் பாஸில் ஃபோல்டர் திறக்கும். டெக்ஸ்சர், ஆயுதம், உடை மாதிரியான மாட்கள் போடலாம். இஎக்ஸ்இயை விண்டோஸ் தொடவிடாது, ஆகவே ஸ்கையூஐ வராது. மாதச் சந்தாவில் ஒருமுறை கதையை முடித்துப் பார்க்க அது போதும், மாட் போட அல்ல.

அனிவர்சரி எடிஷன் விஷயத்திலும் பலருக்குக் குழப்பம். மாட்டுக்காக அதை வாங்க வேண்டியதில்லை. 2021 நவம்பரில் 1.6 அப்டேட் எல்லோருக்கும் இலவசமாகவே வந்தது. காசு கொடுத்தால் கிடைப்பது கிரியேஷன் கிளப் சரக்கு, அதாவது ஆட்டக் கம்பெனியே விற்கும் கூடுதல்கள், 74. அதில் மீன்பிடித்தல், சர்வைவல் மோட் உட்பட நான்கு ஏற்கெனவே எல்லோருக்கும் உண்டு. மிச்சத்தில் பாதி, நல்ல இலவச மாட் ஒன்றுக்கு முன் நிற்காது.

அப்படியானால் ஸ்டீமா, ஜிஓஜியா? ஸ்டீமில் ரூபாயில் விலை, யுபிஐயில் கட்டலாம். தொல்லை, தானாக வரும் அப்டேட். நூறு மாட் அடுக்கி வைத்திருப்பவருக்கு ஒரே இரவில் எல்லாம் கவிழும். 2021லும் 2023 டிசம்பரிலும் அதுதான் நடந்தது. அப்டேட் அமைப்பை 'ஆட்டத்தைத் திறக்கும்போது மட்டும்' என்று மாற்றிவிட்டு, எப்போதும் எஸ்கேஎஸ்இ லோடர் வழியாகவே திறங்கள். கைமீறிப் போனால் ஸ்டீம் கன்சோலில் பழைய டெப்போவை, அதாவது பழைய வெர்ஷனின் ஃபைல் தொகுப்பை, இறக்கலாம். ஆட்ட எண் 489830. இறங்கிய ஃபைல்கள் ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் 'கன்டென்ட்' என்ற இடத்தில் கிடக்கும், நீங்கள்தான் எடுத்து ஆட்டத்தின் ஃபோல்டரில் போட வேண்டும்.

ஜிஓஜியில் இந்தப் பாடு இல்லை. அதன் கேலக்ஸி செயலியில் தானியங்கி அப்டேட்டை அணைத்தால் அணைந்தே இருக்கும். பழைய வெர்ஷனையும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். ஆஃப்லைன் இன்ஸ்டாலரை வெளி ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு வசதி. பெங்களூரு மாரத்தஹள்ளி பிஜி விடுதி வைஃபையை நம்பி 12 ஜிபியை மறுபடி மறுபடி இறக்குவது நடக்கிற காரியமா? ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் இரண்டு மெஷின்களுக்கு இடையே ஃபைலை மாற்றும் வசதி ஸ்டீமிலும் உண்டு. ஆனால் மெஷின்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரூட்டர் பூட்டியிருந்தால் அது உதவாது. ஜிஓஜியில் டாலரில் பில் வந்தால் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைக்க வேண்டும், வங்கியின் மாற்றுக் கட்டணமும் சேரும். பணம் திரும்பப் பெறுவதில் ஜிஓஜி தாராளம்: ஆடியிருந்தாலும் 30 நாள். ஸ்டீமில் 14 நாள், ஆடியது 2 மணி நேரத்துக்குள். மாட் அடுக்கிச் சோதிக்கவே அது போய்விடும்.

மாட் போடுவோருக்கு என் ஓட்டு ஜிஓஜிக்கு. ஸ்டீமில் ஏற்கெனவே வைத்திருப்பவர் இதற்காக இன்னொரு முறை வாங்க வேண்டாம். எதில் வாங்கினாலும் ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் நிறுவாமல் டி டிரைவில் தனி ஃபோல்டரில் போடுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் அனுமதிச் சிக்கல் ஆரம்பிக்கும்.

கடை மாறும்போது சேவ் ஃபைல் தானாக வராது. டாக்குமென்ட்ஸில் மை கேம்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்டீமுக்கு 'ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன்' என்றும், ஜிஓஜிக்கு அதே பெயரின் பின்னால் 'ஜிஓஜி' சேர்த்தும் தனி ஃபோல்டர்கள் இருக்கும். சேவ்ஸில் உள்ளதை அப்படியே நகலெடுங்கள். ஒவ்வொரு சேவுக்கும் துணையாக இருக்கும் எஸ்கேஎஸ்இ ஃபைலை விட்டுவிட்டால் மாட் அமைப்புகள் பல காணாமல் போகும். டாக்குமென்ட்ஸை ஒன்டிரைவ் பிடித்து வைத்திருந்தால் நகலெடுப்பதற்கு முன் அந்த ஒத்திசைவை நிறுத்திவிடுங்கள்.