பிரெஞ்சு மெனிக்கியூரில் எது யாருக்கு? மலையகத்துக் கைகளை முன்வைத்து ஓர் ஒப்பீடு

நகத்துக்கு மெல்லிய இளஞ்சிவப்பும் நுனிக்கு மட்டும் வெள்ளையும் பூசும் பிரெஞ்சு மெனிக்கியூர், 1970களின் நடுப்பகுதியில் ஹொலிவூட்டில் உருவானது. ஒரே நாளில் பல முறை உடை மாற்றும் நடிகைகளுக்கு ஒவ்வோர் உடைக்கும் புதிதாகப் பூசிக்கொண்டிருக்க முடியாது என்பதால், எல்லா நிறத்தோடும் ஒத்துப்போகும் பூச்சாக ஓர்லி என்ற நகப்பூச்சு நிறுவனத்தின் ஜெஃப் பிங்க் இதைக் கொண்டுவந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கொரு சேலையில் பாடசாலைக்குப் போகும் ஹட்டன், பண்டாரவளை ஆசிரியைகளுக்கும் அந்தக் காரணம் அப்படியே பொருந்துகிறது. ஆனால் கைத்தொலைபேசியில் நாம் பார்த்து ஆசைப்படும் படங்கள் பெரும்பாலும் நீண்ட ஒட்டு நகங்களில் எடுக்கப்பட்டவை. குளிர்ந்த தண்ணீரில் துணி துவைத்து, மஞ்சள் தூள் போட்டுச் சமைத்து, பலர் கொழுந்தும் பறிக்கிற நம் கைகளில் எந்த வகை அழகாக இருக்கும், எது நிலைக்கும் என்பதையே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

முதற்போட்டி அகலமான வெள்ளை நுனிக்கும் மெல்லிய கோட்டுக்கும் இடையிலானது. அகலமான நுனி, நகம் விரலைத் தாண்டிச் சற்று வளர்ந்திருந்தால்தான் எடுக்கும். குட்டை நகத்தில் அதைப் பூசினால் இளஞ்சிவப்புப் பகுதி சுருங்கி, விரலே கட்டையாகத் தெரியும். மைக்ரோ பிரெஞ்சு எனப்படும் மெல்லிய வகையில் கோடு ஒரு மில்லிமீற்றர் அளவே இருப்பதால், ஒட்ட வெட்டிய நகத்துக்கும் அது பொருந்துகிறது. வேலை செய்யும் கைக்கு என் தெரிவு எப்போதும் இதுதான். நகத்தின் வடிவத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அகலமான விரல் உள்ளவர்கள் நுனியைச் சதுரமாக அராவாமல் முட்டை வடிவில் அராவி, வெள்ளையின் வளைவை இரு ஓரங்களிலும் சற்று ஆழமாக இறக்கினால் நகம் நீளமாகத் தோன்றும். குறுக்கே நேராக இழுத்த கோடு அதே நகத்தைக் குறுக்கிக் காட்டும். ஆங்கில வி எழுத்துப்போல் கூராக இறங்கும் நுனியும் நீளம் காட்டும் என்பது உண்மையே, ஆனால் பாதாம் வடிவில் வளர்த்த நகம் இல்லாமல் அதை முயல்வதில் பயனில்லை.

அந்த வளைவைச் சலூன்களில் ஸ்மைல் லைன் என்பார்கள். வீட்டிலேயே போடுகிறவர்களுக்குக் கை நடுங்கும் இடமும் அதுவே. தூரிகையை அசைக்காமல் நுனியின் ஓர் ஓரத்தில் வைத்துக்கொண்டு விரலை மெதுவாக உருட்டினால், வளைவு தானாக விழும். பிசகிய இடத்தை, ரிமூவரில் நனைத்துத் துடைத்த மெல்லிய தூரிகையின் விளிம்பால் நுனியை நோக்கித் தள்ளிச் சீராக்கலாம். கடையில் விற்கும் பிறை வடிவ ஒட்டிகள் இதற்கு உதவும். பூச்சு முழுதாகக் காய்வதற்கு முன்பே அவற்றை உரித்துவிட வேண்டும், காய்ந்தபின் உரித்தால் வெள்ளையும் சேர்ந்து வரும்.

நிறத்தைப் பற்றி நம் சலூன்களில் போதிய அக்கறை இல்லை என்பது என் வருத்தம். வெளிநாட்டுப் பெட்டிகளில் வரும் இளஞ்சிவப்பு அடிப்பூச்சு பெரும்பாலும் வெள்ளைத்தோலுக்கு ஏற்பக் கலக்கப்பட்டது. கறுத்த அல்லது மாநிறக் கையில் அது சாம்பல் பூத்ததுபோல் நிற்கும். அதன்மேல் பளீரென்ற வெள்ளை ஏறினால், நகம் கையோடு சேராமல் தனியாக ஒட்டிவைத்ததுபோல் ஆகிவிடுகிறது. தோலின் நிறத்தை மறைக்க வேண்டும் என்று யாரும் நினைக்கத் தேவையில்லை. பூச்சுத்தான் தோலுக்கு ஏற்ப மாற வேண்டும். மாநிறத்துக்குப் பீச் நிறமோ பால்தேநீர் நிறமோ அடியில் அழகாக இருக்கும்; கறுத்த கைக்குக் கரமல், இளம் கபில நிறங்கள் அற்புதமாகப் பொருந்தும். நுனிக்குப் பால்வெள்ளையோ தந்தநிறமோ போதும். அமெரிக்கன் மெனிக்கியூர் என்ற பெயரில் வருவதும் ஏறத்தாழ இந்த மென்மையான சேர்க்கையே, அன்றாடத்துக்கு அது கிளாசிக் வகையை வெல்கிறது. பளீர் வெள்ளை மணமேடைக்கு இருக்கட்டும்.

அடுத்த இரண்டான தலைகீழ் பிரெஞ்சையும் ஒம்ரேயையும் நாட்கணக்கில் ஒப்பிட வேண்டும். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீற்றர் வளர்கிறது. நகத்தின் அடியில் பிறை வரையும் தலைகீழ் பிரெஞ்சில், ஒரு வாரத்திலேயே தோலுக்கும் பிறைக்கும் இடையில் வெற்றிடம் தெரியத் தொடங்கும். இளஞ்சிவப்பிலிருந்து வெள்ளைக்குக் கோடே இல்லாமல் கரையும் ஒம்ரே வகையிலோ அடிப்பகுதி இயற்கை நிறத்துக்கு நெருக்கமாக இருப்பதால், வளர்ச்சி நெடுநாள் கண்ணில் படாது. மாதம் ஒருமுறை மட்டும் நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ இறங்க முடிகிறவர்கள் ஒம்ரேயைத் தெரிவுசெய்யலாம். தலைகீழ் வகை ஒருநாள் விருந்துக்கு மட்டுமே தகும்.

கொழுந்து பறிக்கும் கைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நகக்கலை பற்றி எழுதுகிறவர்கள் அவர்களை நினைப்பதேயில்லை. இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளும்போது முழுப் பாரமும் பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் விழுகிறது. தேயிலைச் சாறு காற்றுப்பட்டுக் கறுத்து, நக நுனியின் அடியிலும் ஓரச் சதையிலும் தங்கிவிடுகிறது. தோட்டத்துத் தேர்த் திருவிழாவுக்கும் உறவுக்காரர் கல்யாணத்துக்கும் அந்தக் கைகளும் அலங்காரம் கேட்கின்றன, கேட்க எல்லா உரிமையும் அவற்றுக்கு உண்டு. மெல்லிய கண்ணாடிப் பூச்சு அங்கே கறையைக் காட்டிக்கொடுக்கும். அடர்ந்த நிற நுனி அதை மறைக்கும்: அரக்கு, கருநீலம், மயில்பச்சை என்று திருவிழாச் சேலையின் கரைநிறத்தையே நுனிக்கு எடுத்துக்கொண்டால் வெள்ளையைவிட எடுப்பாகவும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை விசேஷம் முடிந்து திங்கட்கிழமை மலைக்குப் போக வேண்டியவருக்கு, ஒட்டுப்பட்டையால் ஒட்டும் பிரெஸ்-ஒன் நகங்கள் இன்னும் வசதியானவை. இரவில் வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் ஊறவைத்து மெல்லக் கழற்றிப் பெட்டியில் வைத்தால் அடுத்த விசேஷத்துக்கும் ஆகும். பிய்த்து எடுத்தால் சொந்த நகத்தின் மேற்படையும் உரிந்து வரும்.

கியூடெக்ஸ் என்று நாம் சொல்லும் சாதாரண நகப்பூச்சா, விளக்கொளியில் இறுகும் ஜெல்லா என்பது குளிருக்கும் சேர்த்துத் தீர்க்க வேண்டிய கேள்வி. கியூடெக்ஸ் அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் பறப்பதால் காய்கிறது. நுவரெலியாக் குளிரில் அது மெதுவாகவே நடக்கும். மேலே காய்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே இளகியிருப்பதால், இரவு பூசிவிட்டுக் கம்பளிக்குள் கையை நுழைத்தால் காலையில் நூல்தடம் பதிந்திருக்கும். போத்தலை உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டிச் சூடாக்கி, மெல்லிய பூச்சுகளாக இடைவெளிவிட்டுப் பூசினால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம். ஜெல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை. விளக்கின் ஒளியில் ஒரு நிமிடமளவில் இறுகி, இரண்டு வாரம் வரை நிற்கும். ஆனால் மழைக்காலத்தில் மின்சாரம் நின்றுவிட்டால் அரைகுறையாக இறுகிய ஜெல் நகத்தில் தங்கும். இறுகாத ஜெல் தோலில் படப்பட, அதிலுள்ள அக்ரிலேட் என்ற வேதிப்பொருளால் ஒவ்வாமை வரக்கூடும், வந்தால் அது வாழ்நாள் முழுவதும் தொடரலாம். ஆகவே வீட்டில் மலிவான விளக்கை வைத்துக்கொண்டு ஜெல் போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பயிற்சி பெற்றவரிடம் போட்டு, அசெற்றோனில் ஊறவைத்தே எடுக்க வேண்டும். கியூடெக்ஸ், ஜெல் இரண்டிலும் வெள்ளை நுனியில் மஞ்சள் கறை ஏறும். சமைக்கும்போது கையுறை போடுவதே அதற்கு வழி.

கல்யாணத்தில் மருதாணியும் பிரெஞ்சு மெனிக்கியூரும் மோதிக்கொள்கின்றன. நகத்தில் பட்ட மருதாணி நகம் வளர்ந்து வெட்டப்படும் வரை போகாது, மெல்லிய இளஞ்சிவப்புக்குள் அந்தச் செம்மஞ்சள் தெரிந்தே தீரும். மருதாணியை இரண்டு நாள் முன்னதாக நகங்களை விட்டுவிட்டுப் போட்டு, அது சிவந்தபின் நகம் பூசுவதே சரியான வரிசை. சிவப்பேற்றத் தடவிய தைலத்தின் பிசுக்கு நகத்தில் இருந்தால் எந்தப் பூச்சும் பிடிக்காது என்பதால், முதலில் ரிமூவரால் துடைக்க வேண்டும். பாட்டி வைத்துவிட்ட தொப்பி மருதாணியால் நகமும் சிவந்துவிட்ட மணப்பெண், வெள்ளையை மறந்துவிட்டு அந்தச் சிவப்பின்மேல் நிறமற்ற பூச்சும் நுனியில் மெல்லிய பொன்கோடும் போட்டுக்கொள்ளலாம். கூறைச்சேலையின் சரிகையோடு அது சேரும் அழகுக்கு முன் கிளாசிக் வெள்ளை நிற்காது என்றே நான் சொல்வேன்.

வங்கி, அலுவலக நேர்முகத் தேர்வுக்குத் தந்தநிற மைக்ரோ கோடு போதும். தாதியருக்கு நோயாளியைத் தொடும் வேலை நாட்களில் எந்த ஒட்டு நகமும் கூடாது. உலக சுகாதார அமைப்பின் கைச்சுத்த வழிகாட்டல் செயற்கை நகங்களை விலக்குவதோடு, இயற்கை நகத்தின் நுனியையும் 0.5 சென்ரிமீற்றருக்குள் வைக்கச் சொல்கிறது. சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்களும் பூச்சை முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது, விரலில் மாட்டி ஒட்சிசன் அளவைப் பார்க்கும் கருவியின் கணிப்பை அடர்நிறப் பூச்சு குழப்பக்கூடும். ஜெல் போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றும் வேலைக்கும் முந்திய நாளே நேரம் ஒதுக்க வேண்டும், ஆஸ்பத்திரி வாசலில் வைத்துச் சுரண்டி எடுக்கக் கூடியதல்ல அது.