தானே பயில்பவருக்கு லேசர் படகு ஏற்றதா?

ஆசிரியர் யாருமின்றிப் பாய்மரப் படகு ஓட்டப் பழகுவதென்று முடிவு செய்து, பலர் கை மாறிய பழைய லேசர் ஒன்றை வாங்கினேன். இரண்டு பருவங்கள் அதில் நனைந்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். புரூஸ் கிர்பி வடிவமைத்து 1971இல் அறிமுகமான இந்த ஒற்றையாள் படகு, 1996 முதல் ஒலிம்பிக்கிலும் இடம்பெற்று வருகிறது. 2019இல் இதன் பெயர் ஐ.எல்.சி.ஏ. (இப்படகுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் பெயர்ச்சுருக்கம்) என்று மாறியபோதும், பழைய பெயரே பலர் நாவில் நிற்கிறது.

பந்தயப் படகைத் தொடக்கநிலையில் இருப்பவர் ஏன் தொட வேண்டும் என்ற ஐயம் எனக்கும் இருந்தது. ஆனால் இதில் ஒரே பாய், அதை இழுக்கவும் தளர்த்தவும் ஒரே கயிறு, ஒரு சுக்கான், நடுவில் செருகும் பலகை ஆகியவைதாம் முக்கியம். எதில் தவறினாலும் படகு அந்த நொடியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. உடற்பகுதியின் நீளம் 4.2 மீட்டர், எடை ஏறக்குறைய 59 கிலோ. என் எடை அதைவிட அதிகம் என்பதால், நான் ஒரு சாண் பின்னால் நகர்ந்து அமர்ந்தாலே பின்பகுதி அமிழ்ந்து, பின்னால் நீர் களகளவென்று இழுபடும் ஓசை கேட்கும். முன்னால் நகர்ந்ததும் அந்த ஓசை அடங்கி, வேகம் கூடும். எங்கே அமர்வது என்பதை எந்த விளக்கப்படத்தையும்விட இந்த ஓசைதான் எனக்குத் தெளிவாக உணர்த்தியது.

பாயை எவ்வளவு இழுப்பது என்பதிலும் அப்படியே. முன்விளிம்பு படபடக்கும்வரை தளர்த்தி, படபடப்பு நிற்கும் அளவுக்கு மட்டும் மீண்டும் இழுக்க வேண்டும் என்று படித்திருந்தும், முதல் சில வாரங்கள் பயத்தில் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, படகு சாய்வது ஏன், நகராமல் நிற்பது ஏன் என்று குழம்பினேன். காற்று வரும் திசைக்கு இருபுறமும் சுமார் 45 பாகைக்குள் இந்தப் படகின் பாய் இழுக்காது. அதற்குள் மாட்டிக்கொண்டால், பாயை எதிர்ப்புறம் தள்ளிப் பிடித்துப் பின்னோக்கி நகரவிட்டே படகின் முன்முனையைத் திருப்ப வேண்டியிருக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பாயின் அடித்தண்டான பூம் மிகத் தாழ்வாக இருப்பதால், காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பும் ஜைப்பின்போது நன்றாகக் குனிந்தாக வேண்டும். அதே திருப்பத்தில் தொய்ந்த கயிறு படகின் பின்மூலையில் போய்ச் சிக்கிக்கொள்வது இந்த வடிவமைப்போடு பிறந்த தொல்லை. பூம் தலையைக் கடக்கும் நொடியில் கயிற்றை வெடுக்கென்று சுண்டினால்தான் அது தப்பும். இந்தச் சுண்டல் கைக்கு வருவதற்குள் எத்தனை முறை கவிழ்ந்தேன் என்று எண்ணி மாளாது. தரையில், புல்வெளியில் படகை வைத்து, சுக்கான் கைப்பிடியை முதுகுக்குப் பின்னால் கைமாற்றிப் பழகியது பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கலாம். நீரில் அதுவே கைகொடுத்தது.

கவிழ்ந்தால் நிமிர்த்துவது எளிது: செருகுபலகையின் மேல் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் போதும். ஆனால் பாய்க்கயிற்றைத் தளர்த்தாமல் நிமிர்த்தினால், எழுந்த படகு காற்றை வாங்கிக்கொண்டு மறுபடியும் சாயும். இதை ஆழமில்லாத நீரில், மிதவைச் சட்டை அணிந்து, கரையில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகிய பிறகே நான் தனியே தொலைவு சென்றேன். கரையிலிருந்து வெளிநோக்கி வீசும் காற்றில் அப்போதும் இறங்கவில்லை.

வாங்க நினைப்போர் பாயின் அளவில் ஏமாந்துவிடக் கூடாது. ஒரே உடற்பகுதியில் 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர் என மூன்று அளவுப் பாய்களைப் பொருத்தலாம். பாய்மரத்தின் கீழ்த்துண்டும் அதற்கேற்ப மாறும். நான் பெரிய பாயோடு தொடங்கியது வீண் கௌரவம். மணிக்கு 10 கடல் மைலுக்கு மேல் காற்று வீசினால் அது என்னை இழுத்துக்கொண்டு போனதே தவிர, நான் அதை ஓட்டவில்லை. நடுத்தரப் பாய்க்கு மாறிய வாரத்திலேயே திருப்பங்கள் அமைந்தன.

முன்பாயைக் கையாள்வது, நங்கூரமிடுவது, ஓடும்போதே பாயைச் சுருக்குவது ஆகியவற்றுக்கு இந்தப் படகில் வழியில்லை. அவற்றுக்காக இப்போது இருவர் ஓட்டும் படகு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். லேசரை விற்பதாக இல்லை.