ஒத்தெல்லோ, மாணவர் பதிப்பு: கடைசிக் காட்சி கழன்று கையோடு வந்தது

ஞாயிறு மாலைகளில் மொட்டை மாடியில் ஆறு பேர் கூடி நாடகம் வாசிக்கிறோம். இந்த முறை ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’. அதற்காக இந்த மாணவர் பதிப்பில் ஆறு பிரதி வாங்கினோம். வேடம் பிரிப்பது என் வேலை. யாருக்கு எவ்வளவு வசனம் என்று பார்க்க, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நிறத்தில் கலர் பென்சிலால் கோடு போட்டேன். தாள் நல்ல தடிமன், நிறம் மறுபக்கம் தெரியவில்லை. குறிப்புகள் எதிர்ப்பக்கத்திலேயே இருப்பதால் புரட்டி அலைய வேண்டாம்.

ஒத்தெல்லோவை ஏமாற்றி மனைவி டெஸ்டிமோனாமேல் சந்தேகப்பட வைக்கும் வில்லன் இயாகோவுக்குப் பச்சை. முதல் நான்கு அங்கமும் நடவு முடிந்த வயல்தான். ஆயிரம் வரிக்கு மேல், ஒத்தெல்லோவைவிடவே அதிகம். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் அந்த வேடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஐந்தாம் அங்கம் இரண்டாம் காட்சியில் பச்சை காய்ந்துவிட்டது. வாயை அடக்கு, வீட்டுக்குப் போ என்று மனைவி எமிலியாவை அதட்டும் துண்டு துண்டு வரிகள்தான் மிச்சம். அவளைக் குத்திவிட்டு ஓடிப் பிடிபட்டு வந்தபின், என்னை எதுவும் கேட்காதீர்கள், இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறான். சித்திரவதை வாயைத் திறக்க வைக்கும் என்று மிரட்டியும் திறப்பதில்லை.

பேச்செல்லாம் எமிலியா பக்கம் போய்விடுகிறது. சின்ன வேடம் என்று நம்பி எடுத்த பெண்ணுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. எல்லாம் இயாகோ சொன்னதுதான் என்று ஒத்தெல்லோ சொல்லச் சொல்ல, “என் புருஷனா?” என்று எமிலியா திரும்பத் திரும்பக் கேட்பதில் ஒத்தெல்லோவே எரிச்சலாகிறான். டெஸ்டிமோனாவோ, ஒத்தெல்லோ தன்னை மூச்சுத் திணற அமுக்கிய பிறகும் மூன்று முறை பேசுகிறாள். கடைசி முறை, யாரும் இல்லை, நானேதான் என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள.

எமிலியா சாகும்போது, டெஸ்டிமோனா முன்பு பாடிய வில்லோ பாட்டை முணுமுணுக்கும் வரிகள் 1622 குவார்ட்டோவில் (நாடகம் தனியாக வந்த முதல் அச்சுப் பதிப்பு) கிடையாது, 1623 ஃபோலியோவில்தான் (ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெரிய தொகுப்பு) உண்டு என்று ஒரு குறிப்பு. அதற்கே கொடுத்த காசு தகும். ஆனால் ஒத்தெல்லோவின் ஸ்பெயின் வாளுக்குக் கால் பக்கம் ஒதுக்கியவர்கள், இயாகோவின் மௌனத்துக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

பெரிய குறை பைண்டிங். தையல் இல்லை, வெறும் பசை. மூன்றாம் வாரமே கடைசிக் காட்சி மொத்தமாகக் கழன்றது. கடையில் கேட்டால், “ரொம்ப விரிச்சிருப்பீங்க சார்” என்கிறார்கள். விரிக்காமல் எப்படிப் படிப்பது? ஐந்துக்கு மூன்றரை.

அப்புறம் எங்கள் இயாகோ. தன் வரி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டார். ஒத்தெல்லோ குத்திக்கொண்டு விழும்வரை டீயை ஊதி ஊதிக் குடித்தார். “சார், எங்களைப் பார்த்து முறைக்கவாவது செய்யுங்க” என்றேன். “அது புத்தகத்துல போடலியேப்பா” என்றார்.