தொப்பூர் கணவாயும் ஆக்சிஜன் சென்சாரும்: 1 லட்சம் கி.மீ. தாண்டிய பெட்ரோல் காருக்கு

புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளந்து சொல்லும் ஆக்சிஜன் சென்சார் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க தர்மபுரி–சேலம் சாலையில் தொப்பூர் கணவாய் போதும். ஓபிடி சாக்கெட்டில் (காரின் கோளாறுகளைப் படிக்கும் இணைப்பு) ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகி, முன் சென்சாரின் (புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது) வோல்ட்டை மொபைலில் வையுங்கள். (பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்க்கட்டும், அங்கே லாரிகளைப் பார்க்கவே உங்களுக்குக் கண் போதாது.)

சமதளத்தில் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். சேலம் பக்கம் இறங்கும்போது கியரிலேயே ஆக்சிலரேட்டரை விட்டால் 0 அருகே படுத்துவிடும். பயப்பட வேண்டாம், இசியு (இன்ஜினின் கம்ப்யூட்டர்) பெட்ரோலை நிறுத்திவிட்டது. சைலன்சரில் போவது வெறும் காற்று. திரும்ப ஏறும்போது, ஆக்சிலரேட்டரின் முழு அழுத்தத்தில் 0.8, 0.9லேயே நிற்கும். அதுவும் சரிதான். வைட்பேண்ட் சென்சார் (காற்று–பெட்ரோல் விகிதத்தையே அளக்கும் வேறு வகை) உள்ள கார்களுக்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது.

சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை. சிர்கோனியா செராமிக்கின் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. ஆக்சிஜன் வித்தியாசமே வோல்ட்டாகிறது. இதற்கு 300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அதனால்தான் உள்ளே ஹீட்டர். ஸ்கேனரில் பி0135 (ஹீட்டர் சுற்றில் கோளாறு என்ற குறியீடு) வந்தால் முதலில் ஃபியூஸ். பிறகு ஒரே நிறத்தில் உள்ள இரண்டு ஒயர்களுக்கு இடையே மல்டிமீட்டர்: சில ஓம் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது.

பி0171 (பெட்ரோல் குறைவு என்ற குறியீடு) வந்ததும் சென்சாரை மாற்றுவதுதான் வீண் செலவு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) கேஸ்கெட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் ‘பெட்ரோல் குறைவு’ என்று சொல்ல, இசியு கூடுதலாக ஊற்ற, மைலேஜ் விழும், பிளக் கறுக்கும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயை ஈரத்துணியால் ஓரளவு அடைத்தால் ‘புஸ்’ சத்தம் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இ20 பெட்ரோலில் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) ஃபியூயல் ட்ரிம் (இசியு பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம்) கொஞ்சம் பிளஸ் பக்கம் போவது இயல்பு. 10 சதவீதத்தைத் தாண்டினால் தேடுங்கள்.

கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள பின் சென்சார் 0.6, 0.7ல் அசையாமல் நிற்க வேண்டும். முன்னதைப் போலவே ஆடினால் போனது கேட்டலிடிக் கன்வெர்ட்டர்.

சென்சாரைக் கழற்ற 22 எம்எம் பிளவு சாக்கெட் (ஒயர் நுழைய வெட்டு உள்ளது). இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கழற்றுங்கள், இல்லையென்றால் மரை கையோடு வரும். நுனியைப் பாருங்கள்: கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அதன் காரணத்தைத் தேட வேண்டும். வெள்ளை மாவாக இருந்தால் பெரும்பாலும் யாரோ தாராளமாகப் பூசிய சிலிக்கான் பசை. சுரண்டிப் பயனில்லை, புதுசுதான்.