மருத்துவமனையா, தனி ஆலோசனையா, பொதுச் சுகாதாரமா? டயட்டீஷியன் ஆகப் போகிறவர்களுக்கு

உணவியல் படிப்பை முடிப்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் போகிறார்கள். சம்பளத்தை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நாம் தவறு செய்தால் அதைப் பிடிக்கப் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

மருத்துவமனையில் இருக்கிறார்கள். அங்கே அது மிக அவசியம். சிறுநீரகம் பழுதாகி வருபவருக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்கிறோம். அவரே டயாலிசிஸுக்கு வந்துவிட்டால் புரதத்தைக் கூட்டச் சொல்ல வேண்டும். பல நாள் சாப்பிடாமல் கிடந்தவருக்கு, மனம் பொறுக்காமல் வேகமாக ஊட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்பது இதுதான். பரீட்சைக்காக இதைப் படித்திருப்போம். ஆனால் காலையில் வந்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, டாக்டரிடம் பேசி, டியூப் வழியாகப் போகும் உணவின் அளவை மாற்றும்போதுதான் அது நமக்குள் இறங்கும். குறையும் உண்டு. நோயாளி சில நாளில் வீட்டுக்குப் போய்விடுவார். அப்புறம் என்ன சாப்பிட்டார் என்பது நமக்குத் தெரியாது.

தனி ஆலோசனையில் அந்தக் குறை இல்லை. ஒருவருடைய பழக்கம் மெல்ல மாறுவதை மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்க்கலாம். ஆனால் வருமானம் ஏறி இறங்கும், சந்தேகம் வந்தால் கேட்கப் பக்கத்தில் ஆளும் இருக்காது. இன்னொரு சிக்கல், பெயர். பிரிட்டனில் பதிவு செய்யாதவர் தன்னை டயட்டீஷியன் என்று சொல்லிக்கொள்ளச் சட்டம் விடாது. நியூட்ரிஷனிஸ்ட் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். முறையாகப் படித்தவரும் படிக்காதவரும் ஒரே பலகையின் கீழ் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் வலிக்கிறது.

பொதுச் சுகாதாரத்தில் நோயாளியின் முகமே தெரியாது. 1922-ல் சுவிட்சர்லாந்தில் உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கினார்கள். கழுத்துக் கழலை குறைந்தது, பலன் பெற்றவர்கள் எந்த ஆலோசகரையும் சந்திக்கவில்லை. ஆனால் பலன் தெரிய ஆண்டுகள் ஆகும். கூட்டமும் அறிக்கையும் அலுக்காதவர்களுக்கே இது ஒத்துவரும்.

இந்த மூன்றும் தவிர உணவு நிறுவன வேலையும் உண்டு. அதில் நேரம் ஒழுங்காக இருக்கும். விற்பனையின் நெருக்கடியும் கூடவே வரும்.

என் தேர்வு, முதல் இரண்டு ஆண்டுகள் மருத்துவமனை. தனியாகத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு இதை இன்னும் அழுத்தமாகச் சொல்வேன். எடை குறைக்க வருபவருக்குச் சிறுநீரகக் கோளாறும் இருக்கலாம். வார்டில் பழகிய கண் அதைக் கவனிக்கும், புரதத்தைக் கூட்டும் முன் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்கும்.