கேடிபி: கடை பிரமாதம், கூவி விற்பது உங்கள் பாடு

அமேசானின் கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங், சுருக்கமாக கேடிபி, 2007 நவம்பரில் முதல் கிண்டில் கருவியோடு சேர்ந்தே வந்தது. அப்போது அதற்கு வேறு பெயர். சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களில் பெரும்பாலானோர் ஏதோவொரு கட்டத்தில் இதன் வாசலுக்கு வந்து நிற்கிறார்கள். பதிவுக் கட்டணம் கிடையாது. கோப்பில் சிக்கல் இல்லையென்றால் சில நாட்களுக்குள் புத்தகம் விற்பனைக்கு வந்துவிடும். கடை என்ற அளவில் நல்ல மதிப்பெண் போடலாம். பதிப்பகம் என்று நினைத்து வருகிறவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள். எடிட்டிங், அட்டை வடிவமைப்பு, விளம்பரம் எதையும் இவர்கள் செய்து தரமாட்டார்கள். அலமாரியில் இடம் தருவார்கள், அவ்வளவுதான்.

மின்னூல் ராயல்டியில், அதாவது விலையில் உங்களுக்கு வரும் பங்கில், 35, 70 சதவீதம் என இரண்டு விகிதங்கள். பலரும் யோசிக்காமல் 70-ஐத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு விலை 2.99 முதல் 9.99 டாலருக்குள் இருக்க வேண்டும், அச்சுப் பதிப்பு இருந்தால் அதன் விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் மலிவாகவும் இருக்க வேண்டும். அதோடு அமெரிக்கக் கடையில் மெகாபைட்டுக்கு 15 சென்ட் டெலிவரிச் செலவு பிடிப்பார்கள். 35 சதவீதத்தில் இந்தப் பிடித்தம் இல்லை. வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், 4.99 டாலர் விலையுள்ள நாவல் 1 மெகாபைட் இருந்தால் கைக்கு வருவது 3.39 டாலர். அதே விலையில் படங்கள் நிறைந்த புத்தகம் 25 மெகாபைட் இருந்தால் 70 சதவீதத்தில் வருவது வெறும் 87 சென்ட். 35 சதவீதத்திலோ 1.75 டாலர். இந்த விலைக்கு ஏறக்குறைய பதினாறரை மெகாபைட்டைத் தாண்டினால் 70-ஐவிட 35-தான் லாபம். கணக்கில் எடுப்பது நீங்கள் ஏற்றிய கோப்பின் அளவை அல்ல, அவர்கள் மாற்றியபின் வரும் அளவை. விலை போடும் பக்கத்திலேயே அது தெரியும். சமையல், பயணம், சிறுவர் படக்கதை போடுகிறவர்கள் இந்த ஒரு வரியைப் பார்க்காமல் வெளியிடக் கூடாது.

இன்னொரு நுணுக்கம்: இந்தியா, ஜப்பான், பிரேசில், மெக்சிகோ வாசகர்களுக்கு விற்கும்போது 70 சதவீதம் வேண்டுமென்றால் புத்தகம் கேடிபி செலக்டில் இருக்க வேண்டும்.

அந்த செலக்ட்தான் இந்தச் சேவையின் மையமான முடிவு. சேர்ந்தால் மின்னூலை 90 நாட்களுக்கு வேறெங்கும் விற்கவோ, இலவசமாகக் கொடுக்கவோ கூடாது. பதிலுக்குப் புத்தகம் கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் இடம்பெறும், வாசகர்கள் படிக்கும் பக்கக் கணக்குக்கு உங்களுக்குப் பணம் வரும். ஒரு பக்கத்துக்கு வருவது பொதுவாக அரை சென்ட்டுக்கும் குறைவு. 0.4 சென்ட் என்று வைத்தால், 300 பக்கத்தை ஒருவர் முழுக்கப் படித்து முடித்தால் 1.20 டாலர். ஒருவர் இரண்டாம் முறை படித்தால் பணமில்லை. பக்க எண்ணிக்கையும் அமேசானே வகுத்த அளவில்தான் இருக்கும், அச்சுப் பக்கத்தோடு அதை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

விற்பனையைவிட இது குறைவுதான். ஆனாலும் காதல், துப்பறியும் கதை, மிகைபுனைவு எழுதுகிறவர்களுக்கு செலக்ட் பெரும்பாலும் சரியான தேர்வு. அந்த வாசகர்கள் சந்தா கட்டி வரிசையாகப் படித்துத் தள்ளுகிறவர்கள். சந்தாவில் எடுத்தாலும் விற்பனைத் தரவரிசை ஏறும் என்பதால் புதிய பெயரைத் தயங்காமல் எடுத்துப் பார்க்கிறவர்கள் உங்களை மேலே தள்ளுகிறார்கள். கவிதை, கட்டுரை, குறிப்பெடுத்துப் படிக்கும் நூல்கள் இவற்றுக்கெல்லாம் இந்த லாபம் மிகக் குறைவு. தொடர் எழுத்தாளர்கள் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு: மாதிரிக்கு 10 சதவீதம் வரை வேறிடத்தில் வைக்கலாம், அதற்கு மேல் ஒரு அத்தியாயம் உங்கள் சொந்தத் தளத்தில் பழைய பதிவாகக் கிடந்தாலும் அது விதிமீறல். எச்சரிக்கைக் கடிதம் வந்தபின் தேடுவதைவிட, சேரும் முன்பே கதையில் வரும் நீளமான ஒரு வாக்கியத்தைத் தேடுபொறியில் போட்டுப் பாருங்கள். கட்டுப்பாடு மின்னூலுக்கு மட்டும்தான், அச்சுப் பதிப்பை எங்கு வேண்டுமானாலும் விற்கலாம்.

செலக்டில் 90 நாளுக்கு 5 நாள் இலவசமாகக் கொடுக்கும் வசதியும் உண்டு. தனியாக நிற்கும் ஒரே புத்தகத்துக்கு இது வீண். இலவசப் பட்டியலின் தரவரிசை வேறு, விற்பனைப் பட்டியலின் தரவரிசை வேறு. ஐந்து நாள் முடிந்ததும் அந்த உயரம் உங்களோடு வராது. தொடரின் முதல் பாகத்துக்குப் பயன்படுத்தினால் அடுத்த பாகங்களில் பலன் தெரியும்.

அச்சுக்கு வருவோம். தேவைக்கேற்ப ஒவ்வொரு பிரதியாக அச்சிடும் முறை, கையிருப்பு சுமை இல்லை. அமெரிக்கக் கடையில் கறுப்பு மை, வழக்கமான அளவு, 110 பக்கத்துக்கு மேல் என்றால் அச்சுச் செலவு 1 டாலரும், பக்கத்துக்கு 1.2 சென்ட்டும். 300 பக்கத்துக்கு 4.60 டாலர். 2025 ஜூன் 10 முதல் 9.99 டாலருக்குக் கீழே விலை வைத்தால் ராயல்டி 60-லிருந்து 50 சதவீதமாகிவிட்டது. அதனால் இந்த 300 பக்கப் புத்தகத்துக்கு 9.98 டாலர் வைத்தால் அச்சுச் செலவு போகக் கிடைப்பது 39 சென்ட், 9.99 வைத்தால் 1.39 டாலர். ஒரு சென்ட் விலையேற்றத்தில் ஒரு டாலர் வருமானம். பழைய விலையிலேயே விட்டுவைத்த புத்தகம் இருந்தால் இன்றே போய்ப் பாருங்கள்.

அட்டைதான் அதிகம் திருப்பி அனுப்பப்படும் இடம். முதுகின் அகலம் பக்க எண்ணிக்கையையும் தாளையும் பொறுத்தது: வெள்ளைத் தாளுக்குப் பக்கத்துக்கு 0.002252 அங்குலம், கிரீம் தாளுக்கு 0.0025. 300 பக்க கிரீம் தாள் புத்தகத்துக்கு முதுகு 0.75 அங்குலம். பக்க அளவு 5.5-க்கு 8.5 என்றால், நான்கு பக்கமும் 0.125 அங்குலம் வெட்டுப்பகுதி சேர்த்து முழு அட்டை 12 அங்குல அகலம், 8.75 அங்குல உயரம். அட்டை தயாரான பிறகு தாளை வெள்ளைக்கு மாற்றினால் முதுகு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் மெலியும், தலைப்பு மடிப்பில் ஏறி நிற்கும். ஆகவே மெய்ப்பு முடிந்து பக்க எண்ணிக்கை உறுதியான பிறகே அட்டைக்காரருக்கு அளவு கொடுக்க வேண்டும். மெலிந்த கவிதைத் தொகுப்புக்கு முதுகில் பெயர் போட முடியாது, அதற்குக் குறைந்தது 79 பக்கம் வேண்டும். உள் ஓரத்திலும் இதே கதைதான். 300 பக்கம் வரை அரை அங்குலம் போதும், 301-லிருந்து 0.625. எழுத்துருவைக் கொஞ்சம் பெரிதாக்கி 304 பக்கம் ஆகிவிட்டால் கோப்பு திரும்பி வரும்.

வெளியிடும் முன் மாதிரிப் பிரதி ஒன்றைக் கட்டாயம் வரவழைத்துப் பார்க்க வேண்டும். அதன் அட்டையில் விற்பனைக்கல்ல என்ற பட்டை குறுக்கே ஓடும், பயப்பட வேண்டாம். திரையில் பளிச்சென்று தெரியும் கரும்நீலம் தாளில் இருண்டு போவதை இதில்தான் பிடிக்க முடியும். வெளியிட்ட பிறகு பக்க அளவு, தாள், மை எதையும் மாற்ற முடியாது.

ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணை இலவசமாகத் தருகிறார்கள். ஆனால் அந்த எண்ணை அமேசானுக்கு வெளியே பயன்படுத்த முடியாது. கடைகளுக்கும் நூலகங்களுக்கும் போகும் எண்ணம் இருந்தால் முதலிலேயே சொந்த எண் வாங்கிவிடுவது நல்லது. வாங்கியபின் கேடிபியில், அமேசானுக்கு வெளியே உள்ள கடைகளுக்கு அனுப்பும் விரிவான விநியோகம் என்ற பெட்டியை டிக் செய்யாமல் விடுங்கள். அதில் ராயல்டி 40 சதவீதம்தான்: மேலே சொன்ன 300 பக்கப் புத்தகத்துக்கு 12.99 டாலர் விலை வைத்தால் அமேசானில் 3.19 கிடைக்கும், இந்த வழியில் 60 சென்ட். அதே எண்ணை, கடைகளுக்கும் நூலகங்களுக்கும் அச்சிட்டு விநியோகிக்கும் இன்கிராம்ஸ்பார்க்கில் பதிவதற்கும் அது குறுக்கே நிற்கும். அமேசானுக்கு கேடிபி, மற்றவற்றுக்கு இன்கிராம்ஸ்பார்க் என்பதுதான் அனுபவப்பட்டவர்கள் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. இன்கிராம்ஸ்பார்க்கில் கடைக்காரருக்குக் கொடுக்கும் தள்ளுபடியை நீங்களே தீர்மானிக்கலாம். புத்தகக் கடைகள் 55 சதவீதமும், விற்காததைத் திருப்பும் உரிமையும் எதிர்பார்க்கும். திருப்புவதற்கு ஒப்புக்கொண்டால், ஒரு கடை நூறு பிரதி எடுத்து எண்பதைத் திருப்பும் மாதத்தில் அந்தச் செலவு உங்கள் கணக்கில் கழியும். கையிருப்பில் பணம் இல்லாதவர்கள் அந்தப் பெட்டியைத் தொடாதிருப்பதே மேல்.

தமிழில் வெளியிடுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்பை அப்படியே ஏற்றினால் வாசகருக்குத் தெரிவது ரோமன் எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றியபின் கொம்புகளும் ஔகாரமும் இடம் மாறியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தே தீர வேண்டும், மாற்றிகள் அதிகம் தவறுவது அங்கேதான். பிறகு ஈபப் என்ற மின்னூல் கோப்பாக்கி, கிண்டில் பிரிவியூவர் என்ற முன்னோட்ட மென்பொருளில் கைபேசி அளவில் ஓட்டிப் பாருங்கள். கேடிபி அச்சுக்கு ஏற்கும் மொழிப் பட்டியலும் மின்னூலுக்கு ஏற்கும் மொழிப் பட்டியலும் ஒன்றல்ல என்பதையும் அட்டைக்குப் பணம் கொடுக்கும் முன் சரிபார்த்துவிடுங்கள்.

புத்தகப் பக்கத்தை அமைப்பது எளிது. ஏழு குறிச்சொல் பெட்டி, மூன்று வகைமை, 4000 எழுத்து வரை விவரணை. தலைப்பில் ஏற்கெனவே உள்ள சொல்லைக் குறிச்சொல்லில் மறுபடி போட்டு வீணாக்க வேண்டாம், பிற எழுத்தாளர் பெயரைப் போடவே கூடாது. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய எழுத்தோ படமோ இருந்தால் 2023 முதல் அதைச் சொல்லியாக வேண்டும், மறைப்பது கணக்கைப் பணயம் வைப்பது.

விளம்பரத்துக்கு அமேசான் தருவது கிளிக்குக்குக் காசு வாங்கும் ஸ்பான்சர்டு புராடக்ட்ஸ். கருவி நல்லது, ஆனால் அதன் அறிக்கை உங்களை ஏமாற்றும். விற்பனை என்று அது காட்டுவது புத்தக விலையை, உங்கள் ராயல்டியை அல்ல. விற்பனையில் விளம்பரச் செலவு எத்தனை சதவீதம் என்ற எண்ணை அது தரும். மேலே சொன்ன 4.99 மின்னூலுக்கு அந்த எண் 68-ஐத் தாண்டினால் நஷ்டம். 12.99 அச்சுப் புத்தகத்துக்கோ 24.6-ஐத் தாண்டினாலே கைக்காசு போகிறது. இரண்டையும் ஒரே விளம்பரத்தில் போட்டுச் சராசரி பார்த்து மகிழ்கிறவர்கள் அநேகம்.

ஒற்றைப் புத்தகத்துக்கு இந்த விளம்பரம் கட்டுப்படியாவது அபூர்வம். கிளிக்குக்கு 45 சென்ட், பத்து கிளிக்குக்கு ஒரு விற்பனை என்று வைப்போம். 4.50 செலவழித்து 3.39 வாங்குகிறீர்கள். மூன்று பாகத் தொடராக இருந்து, முதல் பாகம் வாங்கியவர்களில் பாதிப் பேர் இரண்டாவதையும், பத்தில் நால்வர் மூன்றாவதையும் வாங்கினால் அதே 4.50-க்கு 6.44 வருகிறது. எனவே இரண்டாம் பாகம் வெளிவரும் வரை விளம்பரக் காசை எடிட்டருக்குக் கொடுக்கலாம். தொடங்கும்போது தானியங்கித் தேர்வில் சிறு தொகையில் ஓடவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்துத் தேடல் சொல் அறிக்கையை எடுங்கள். விற்றுக் கொடுத்த சொற்களைத் தனி விளம்பரத்துக்கு நகர்த்தி, கிளிக்கை மட்டும் விழுங்கிய சொற்களைத் தடைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஆனால் புத்தகப் பக்கத்துக்கு வருகிறவர்கள் வாங்காமல் போகிறார்கள் என்றால் கோளாறு அட்டையிலோ விவரணையின் முதல் இரண்டு வரியிலோ இருக்கும். அதை விளம்பரம் சரிசெய்யாது.

விமர்சனங்களில் விதி கறார். முன்பிரதியை இலவசமாகக் கொடுக்கலாம், விமர்சனம் எழுதியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது. வீட்டார், நெருங்கிய நண்பர்கள், காசு வாங்குகிறவர்கள், நீ எனக்கு எழுது நான் உனக்கு எழுதுகிறேன் வகையறா எல்லாம் தடை.

அமேசானுக்கு வெளியே போக நினைப்பவர்களுக்கு டிராஃப்ட்2டிஜிட்டல் சோம்பேறிகளின் சொர்க்கம். ஒருமுறை ஏற்றினால் ஆப்பிள், கோபோ போன்ற மின்னூல் கடைகள், நூலகச் சேவைகள் எல்லாவற்றுக்கும் அனுப்பும், விலையில் சுமார் 10 சதவீதம் எடுத்துக்கொள்ளும். கோபோவில் நேரடியாகக் கணக்கு திறப்பது அதைவிட நல்லது. 2.99 டாலர் முதல் 70 சதவீதம், விலைக்கு உச்சவரம்பு இல்லை. 14.99 டாலர் தொகுப்பு நூலுக்கு கிண்டிலில் 5.25, கோபோவில் 10.49. மலிவு விலை மின்னூல்களை வாசகர்களுக்கு மின்னஞ்சலில் சொல்லும் புக்பப்பின் சிறப்புத் தள்ளுபடி அறிவிப்பு கிடைத்தால் பெரும் விற்பனை நடக்கும், ஆனால் கட்டணமும் உண்டு, நிராகரிப்பும் அதிகம். இவை எல்லாவற்றையும்விட உறுதியான சொத்து வாசகர்களின் மின்னஞ்சல் பட்டியல். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு சிறுகதையை இலவசமாகத் தருவதாகச் சொல்லி இணைப்பு வையுங்கள். புக்ஃபனல் போன்ற சேவை கோப்பை அனுப்பும் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

பெருந்தொகை வாங்கிக்கொண்டு பதிப்பும் விளம்பரமும் சேர்த்துத் தருகிற தொகுப்புகளை ஒப்பந்தத்தைப் படிக்காமல் தொட வேண்டாம். ஐஎஸ்பிஎன் யார் பெயரில், மூலக் கோப்புகள் உங்கள் கைக்கு வருமா, உரிமை எத்தனை ஆண்டு, விலகுவது எப்படி, குறைந்தபட்சப் பிரதிகளை நீங்களே வாங்க வேண்டுமா: இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.

கேடிபி பணம் மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்து வரும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் வரிப் படிவத்தில் தங்கள் நாட்டு வரி எண்ணைக் கொடுத்து இரு நாட்டு வரி ஒப்பந்தச் சலுகையைக் கோராவிட்டால் அமெரிக்க விற்பனையின் ராயல்டியில் 30 சதவீதம் பிடிக்கப்படும். ஒருவருக்கு ஒரே கணக்குதான், புனைபெயர் எத்தனை இருந்தாலும் அதற்குள்ளேயே வைக்கலாம். செலக்டிலிருந்து வெளியேற, தானாகப் புதுப்பிக்கும் டிக்கை எடுத்தால் மட்டும் போதாது. நடப்பு 90 நாள் முடியும் தேதி வரை கட்டுப்பாடு நீடிக்கும். அந்தத் தேதிக்கு அடுத்த நாள் மற்ற கடைகளில் ஏற்றுங்கள்.