சேர்ப்பதைவிடச் செலவழிப்பதே கடினம்: கிரெடிட் கார்டு புள்ளிகளுடன் பதினோரு ஆண்டுகள்

கிரெடிட் கார்டு புள்ளிகளைக் கொண்டு முதல் விமானச் சீட்டை எடுத்து இப்போது பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் காலத்தில் ஐந்து கார்டுகளைப் பயன்படுத்தியிருக்கிறேன். இன்று கையில் இருப்பவை மூன்று, அவற்றிலும் ஒன்றை விரைவில் மூடவிருக்கிறேன். அன்றாடம் பயன்படுபவை இரண்டுதான். ஒன்று வங்கியின் சொந்தப் புள்ளிகளைத் தருவது. அவற்றைப் பல விமான நிறுவனங்களின் மைல்களாகவோ (அந்நிறுவனங்களின் சொந்தப் புள்ளிகளுக்கு அதுதான் பெயர்) ஓட்டல் குழுமங்களின் புள்ளிகளாகவோ மாற்றிக்கொள்ளலாம். மற்றது ஒரே விமான நிறுவனத்தோடு இணைந்தது. செலவிட்ட தொகைக்குரிய மைல்கள் நேராக அந்நிறுவனத்தின் கணக்கில் ஏறிவிடும். கார்டு வாங்கிய முதல் ஆண்டில் கிடைக்கும் சேர்க்கைப் போனஸைப் பற்றி எழுதுவோர் பலர். நான்காவது, ஐந்தாவது ஆண்டில் அந்தப் புள்ளிகள் என்ன ஆயின என்பதைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு என்பதால் இதை எழுதுகிறேன்.

புள்ளிகள் ஈட்டுவதில் நான் முதலில் கற்றது, நாம் எதை வாங்குகிறோம் என்பதை வங்கி பார்ப்பதில்லை, எந்த வகைக் கடையில் வாங்குகிறோம் என்பதையே பார்க்கிறது என்பதுதான். கார்டு ஏற்கும் ஒவ்வொரு வணிகருக்கும் நான்கு இலக்க வகைக் குறியீடு ஒன்று உண்டு. விமான நிறுவனங்களுக்குப் பொதுவானது 4511, பயண முகவர்களுக்கு 4722, தங்குமிடங்களுக்கு 7011. "விமானச் செலவுக்கு ஐந்து மடங்கு புள்ளிகள்" என்று அறிவித்த கார்டில், ஒரு பயண முகவர் தளம் வழியாக விமானச் சீட்டு எடுத்தேன். வாங்கியது விமானச் சீட்டாக இருந்தாலும் பரிவர்த்தனை முகவர் குறியீட்டில் பதிவானதால் சாதாரண விகிதமே கிடைத்தது. வாடிக்கையாளர் சேவையில் முறையிட்டும் பயன் இல்லை. விதிமுறைகளில் அது தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது, படிக்காதது என் தவறு. அதன்பின் பெரிய செலவு ஏதும் செய்யும் முன், அதே வணிகரிடம் சிறு தொகை ஒன்றைச் செலுத்தி, அது ஸ்டேட்மென்டில் எந்த வகையில் பதிவாகிறது என்று பார்த்துக்கொள்வதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

இந்தப் புள்ளிகளுக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. நாம் கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் வணிகரிடமிருந்து ஒரு கட்டணம் பிடிக்கப்படுகிறது. அதன் பெரும்பங்கு கார்டு வழங்கிய வங்கிக்குப் போகிறது. வெகுமதியின் ஒரு ஊற்று அது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் தனிநபர் கிரெடிட் கார்டுகளுக்கான இந்த வங்கிப் பங்கை 0.3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரையறுத்தது. ஊற்று சுருங்கிய இடத்தில் வெகுமதிகள் தாராளமாக இருக்க முடியாது. மற்றொரு ஊற்று, நிலுவையை முழுதாகக் கட்டாதவர்கள் செலுத்தும் வட்டி. செலவில் 1 அல்லது 2 சதவீத அளவுக்கே புள்ளிகளின் மதிப்பு இருக்கும். நிலுவையை ஒரே ஒரு மாதம் இழுத்தடித்தாலும் அந்த ஆதாயத்தை வட்டி விழுங்கிவிடும். முழு நிலுவையையும் தானாகவே கட்டும் ஏற்பாட்டை வங்கிக் கணக்கில் செய்து வைக்காத எவருக்கும் இந்தக் கார்டுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி, புள்ளிகளைச் செலவழிக்கும் பக்கத்துக்கு வருகிறேன். என் பதினோரு ஆண்டு அனுபவத்தில் பெற்றதும் இழந்ததும் பெரும்பாலும் இங்கேதான். ஒரு புள்ளியின் மதிப்பை அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. அதே சீட்டின் பணக் கட்டணத்திலிருந்து, புள்ளிகளால் எடுத்தாலும் கையிலிருந்து கட்டவேண்டிய வரிகளைக் கழித்து, மீதியைத் தேவைப்படும் புள்ளிகளால் வகுக்க வேண்டும். பணக் கட்டணம் 500, வரி 80, தேவைப்படும் புள்ளிகள் 42,000 என்றால், 420ஐ 42,000ஆல் வகுக்க ஒரு புள்ளி 0.01க்குச் சமம். இந்தக் கணக்கைப் போடத் தொடங்கிய பிறகு, வங்கியின் பொருள் பட்டியலில் மிக்சியும் கடிகாரமும் வாங்குவதை அடியோடு நிறுத்திவிட்டேன். என் கார்டில் அவற்றுக்குக் கிடைத்த மதிப்பு, விமானச் சீட்டுக்குக் கிடைத்ததில் பாதியைக்கூடத் தொட்டதில்லை.

இந்தக் கணக்கிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. பிசினஸ் கிளாஸ் சீட்டின் பட்டியல் விலையைக் கொண்டு வகுத்தால் மதிப்பு மிகப் பெரிதாகத் தெரியும். ஆனால் அந்த விலையைப் பணமாக நான் ஒருபோதும் கொடுத்திருக்க மாட்டேன் என்றால், அந்த மதிப்பு எனக்கு உண்மையில் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. ஆகவே இப்போது, அதிகபட்சம் எவ்வளவு பணம் கொடுக்க நான் ஒப்புவேனோ அந்தத் தொகையையே கணக்கில் எடுக்கிறேன். இப்படிப் போட்டால் வரும் எண் அடக்கமானது. ஆனால் நம்பத் தகுந்தது.

எனக்கு நேர்ந்த மிகப் பெரிய இழப்பு மூன்றாம் ஆண்டில் வந்தது. ஒரு விமான நிறுவனத்தின் தளத்தில் நான் தேடிய நாளில் இரண்டு வெகுமதி இருக்கைகள், அதாவது மைல்களால் எடுக்கக்கூடிய இருக்கைகள், காட்டப்பட்டன. உடனே வங்கியிலிருந்து 60,000 புள்ளிகளை அந்நிறுவனத்தின் மைல்களாக மாற்றக் கொடுத்தேன். மாற்றம் முடிய மூன்று நாட்கள் ஆயின. மைல்கள் வந்து சேர்ந்தபோது இருக்கைகள் இல்லை. வங்கியிலிருந்து விமான நிறுவனத்துக்குப் போன புள்ளிகள் திரும்பி வருவதில்லை. அது ஒருவழிப் பாதை. அடுத்தடுத்த ஆண்டுகளில் எனக்குத் தோதான நாட்களில் அங்கே இருக்கை கிடைக்கவேயில்லை. அந்த மைல்களுக்கு மூன்று ஆண்டு ஆயுள்தான். கடைசியில் ஒரு குறுந்தூரப் பயணத்துக்குச் சிறு பகுதியைப் பயன்படுத்தினேன், மீதி காலாவதியாகிவிட்டது. வங்கிக் கணக்கில் இருக்கும்வரை அந்தப் புள்ளிகளுக்குப் பல வாசல்கள் திறந்திருந்தன. மாற்றிய கணமே ஒரே வாசலாகிவிட்டது. அதன்பிறகு, இருக்கை இருப்பதை இரண்டு வேறு தளங்களில் உறுதிசெய்து, முடிந்தால் அழைப்பு மையம் வழியாக இருக்கையைச் சில நாட்கள் நிறுத்திவைத்து, அதன் பின்னரே மாற்றுகிறேன். போனஸ் விகிதத்தில் மாற்றலாம் என்று வங்கி எவ்வளவு ஆசை காட்டினாலும், போகுமிடமும் நாளும் முடிவாகாமல் ஒரு புள்ளியையும் நகர்த்துவதில்லை.

ஒரே விமானத்தில் ஒரே இருக்கையைப் பல நிறுவனங்களின் மைல்களால் எடுக்க முடியும் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. 1997இல் ஐந்து விமான நிறுவனங்கள் சேர்ந்து ஸ்டார் அலையன்ஸ் என்ற கூட்டணியைத் தொடங்கின. 1999இல் ஒன்வேர்ல்டு, 2000இல் ஸ்கைடீம் தொடர்ந்தன. ஒரு கூட்டணிக்குள் இருக்கும் எந்த நிறுவனத்தின் மைல்களைக் கொண்டும் பிற நிறுவனங்களின் இருக்கைகளைப் பெறலாம், ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் கேட்கும் மைல்கள் வேறு வேறு. நான் பார்த்த ஒரு நீண்டதூரப் பயணத்துக்கு, விமானத்தை இயக்கும் நிறுவனமே 88,000 மைல்கள் கேட்டது. அதன் கூட்டாளி நிறுவனம் அதே இருக்கைக்கு 63,000 மட்டுமே கேட்டது. மைல்களோடு கூடுதலாகக் கட்டவேண்டிய பணத்திலும் இதே வேறுபாடு உண்டு. அரசும் விமான நிலையமும் விதிப்பவை தவிர்க்க முடியாதவை. ஆனால் சீட்டின் கட்டண விவரத்தில் ஒய்.கியூ., ஒய்.ஆர். என்ற குறியீடுகளில் வருவது விமான நிறுவனம் தானே விதிக்கும் கூடுதல் கட்டணம்; சில நிறுவனங்கள் இதை வெகுமதிச் சீட்டிலும் முழுமையாக வசூலிக்கின்றன, சில வசூலிப்பதே இல்லை. குறைந்த மைல்களைப் பார்த்து மகிழ்ந்து, கடைசித் திரையில் பெரிய தொகையைக் கண்டு பின்வாங்கிய அனுபவம் எனக்கு இரண்டு முறை நேர்ந்திருக்கிறது.

இந்த அறிவெல்லாம் சேர்ந்து பலன் தந்தது ஏழாம் ஆண்டில், அம்மாவை அழைத்துச் சென்ற பயணத்தில். அவருக்கு இரண்டு முழங்கால்களிலும் வலி. பதினோரு மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்திருப்பது இயலாத காரியம். பிசினஸ் கிளாஸில் படுத்துச் செல்லும் இருக்கைக்குப் பணம் கொடுக்க என்னால் ஆகாது. பெரும்பாலான நிறுவனங்கள் புறப்படும் நாளுக்கு 330 முதல் 360 நாட்கள் முன்பே இருக்கைகளைத் திறக்கின்றன என்பதால், விரும்பிய நாளுக்கு ஏறக்குறைய பதினோரு மாதங்கள் முன்பிருந்து ஒவ்வொரு காலையும் தேடினேன். ஒன்பதாம் நாள் ஒரே ஒரு இருக்கை திறந்தது. கூட்டாளி நிறுவனத்தின் மைல்களாக மாற்ற அன்று இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அம்மாவுக்கு அந்த இருக்கை, எனக்கு அதே விமானத்தில் பின்புறம் சாதாரண இருக்கை. இரவு நடுவே போய்ப் பார்த்தேன். காலை நீட்டி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். மற்ற எல்லாப் பயணங்களிலும் புள்ளிகள் எனக்குப் பணத்தை மிச்சப்படுத்தின. இந்த ஒரு பயணத்தை மட்டும் அவை இல்லாமல் செய்திருக்கவே முடியாது.

அந்தப் பயணத்தின்போதே பெரும் இருப்பு ஒன்றை வைத்திருக்கும் எண்ணத்தையும் கைவிட்டேன். புள்ளிகள் வட்டி ஈட்டுவதில்லை, அவற்றின் மதிப்பு ஏறுவதும் அரிது. இறங்குவதையோ நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். வரலாறும் அதையே காட்டுகிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் தன் அட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியபோது பறந்த தூரத்துக்கு மைல்கள் கிடைத்தன. டெல்டாவும் யுனைடெட்டும் 2015இலும், அமெரிக்கன் 2016இலும், செலவிட்ட பணத்தின் அடிப்படையில் மைல்கள் தரும் முறைக்கு மாறின. எந்தப் பயணத்துக்கு எத்தனை மைல்கள் என்ற நிலையான பட்டியலை டெல்டா 2015இல் விலக்கிக்கொண்டது. யுனைடெட் 2019இல் தொடர்ந்தது. பட்டியல் போன பிறகு, பணக் கட்டணம் ஏறும்போது மைல் விலையும் ஏறுகிறது. பண்டிகைக் காலத்தில் புள்ளிகள் நம்மைக் காப்பாற்றும் என்ற பழைய நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை. இந்தத் திட்டங்கள் நிறுவனங்களுக்கு எவ்வளவு பெறுமானமுள்ளவை என்பதை 2020இல் உலகமே கண்டது. பெருந்தொற்றால் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை ஈடாக வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. அந்தத் திட்டங்களின் வருவாயில் முக்கியமான பங்கு, வங்கிகள் நமக்குத் தருவதற்காக மொத்தமாக விலைக்கு வாங்கும் மைல்களிலிருந்து வருகிறது. விலை, விதி, ஆயுள் மூன்றையும் முடிவு செய்வது வெளியிடும் நிறுவனமே. ஆகவே பதினெட்டு மாதங்களுக்குள் பயன்படுத்துவேன் என்று தோன்றும் அளவுக்கு மேல் நான் இப்போது சேர்த்து வைப்பதில்லை.

வங்கியின் சொந்தப் பயணத் தளத்தில் புள்ளிகளைப் பணம்போலச் செலுத்திச் சீட்டு எடுப்பதும் ஒரு வழி. இருக்கை தேடும் பாடு இல்லை, எந்த நாளிலும் எடுக்கலாம்; நேரம் இல்லாதவர்களுக்கு இது நியாயமான தேர்வுதான். ஆனால் விமான நேரம் மாறினால் நிலைமை சிக்கலாகிவிடும். எனக்கு அப்படி நேர்ந்தபோது, விமான நிறுவனம் முகவரிடம் கேட்கச் சொன்னது, முகவர் விமான நிறுவனத்திடம் கேட்கச் சொன்னார், தீர்வு கிடைக்க நான்கு நாட்கள் ஆயின. மைல்களால் நேரடியாக எடுத்த சீட்டில் இதே பிரச்சினை ஒரே தொலைபேசி அழைப்பில் முடிந்தது. இணைப்பு விமானம் உள்ள பயணங்களுக்கு இந்தத் தளங்களை இப்போது தவிர்க்கிறேன்.

ஓட்டல் புள்ளிகளில் என் அனுபவம் குறுகியது. வங்கிப் புள்ளிகளை ஓட்டலுக்கு மாற்றியபோது கிடைத்த மதிப்பு, இரண்டு விதிவிலக்குகள் தவிர, விமானத்துக்குக் கிடைத்ததைவிடக் குறைவாகவே இருந்தது. அந்த இரண்டும், நகரில் மாநாடு நடந்து அறைக் கட்டணம் இரட்டிப்பான நாட்கள்.

ஆண்டுக் கட்டணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லவுஞ்ச் அனுமதி, பயணக் காப்பீடு, இலவசத் தங்கல் என்று கார்டு தரும் ஒவ்வொன்றுக்கும் நிறுவனம் ஒரு தொகையை எழுதி, கூட்டினால் கட்டணத்தைவிடப் பல மடங்கு வருவதாகக் காட்டும். நான் கடந்த பன்னிரண்டு மாதங்களில் உண்மையில் பயன்படுத்தியவற்றை மட்டும் எழுதிக் கூட்டுகிறேன். அப்படிப் பார்த்தபோது மூன்றாவது கார்டு சென்ற ஆண்டே தோற்றுவிட்டது. அதை மூடுவதற்கு முன் அதிலுள்ள புள்ளிகளை வெளியே எடுக்க வேண்டும், ஏனெனில் அந்த வங்கியில் கார்டை மூடும் நாளிலேயே புள்ளிகளும் அழிந்துவிடும். அதில் 31,000 புள்ளிகள் இருக்கின்றன. தங்கையின் குடும்பம் இருக்கும் ஊருக்கு அடுத்த ஆண்டு போவதற்கு இன்னும் 4,000 வேண்டும். கட்டணம் புதுப்பிக்கப்படும் தேதிக்கு இரண்டு மாதங்கள் இருப்பதால், வீட்டுச் செலவு முழுவதையும் அந்தக் கார்டிலேயே செய்துகொண்டிருக்கிறேன். இருக்கை இன்று காலையும் திறந்தே இருக்கிறது.